நனையாத வலை

அத்தியாயம் 5

ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று பார்த்துவிட்டு வருவதற்கு ஒரு துப்பறியும் நிறுவனம் தேவையா என்பது டேவிட்டின் கேள்வி. சென்னையில் கிளம்பும்போது கேட்டான். மீஞ்சூரில் கேட்டான். பொன்னேரியில் டீ குடிக்கும்போதும் கேட்டான். பழவேற்காட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கேட்க வாயைத் திறந்தான்; வாய்க்குள் மணல் போனதால் கேட்கவில்லை. அந்த ஊர்க் காற்று அப்படி. போன ஆடி மாதம் ஒருவருடைய மீசையைப் பிய்த்துக்கொண்டுபோய் எளாவூர் செக்போஸ்ட்டில் போட்டுவிட்டதாம். அவர் பஸ் பிடித்துப்போய் வாங்கி வந்தார்.

"செத்தவன் கொடுத்த பவர் செல்லாது, டேவிட்டு" என்றார் தெய்வநாயகி, கேட்காத கேள்விக்கு. அவர்தான் நிறுவனம். டேவிட் அந்த நிறுவனத்தின் மற்ற எல்லாம்.

விஷயம் இதுதான். வியாசர்பாடியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்து, ஒண்டுக்குடித்தனத்துக்கே மருமகளாகப் போன நர்ஸ் ரோஸ்மேரி, புரசைவாக்கத்தின் நட்டநடுவில் ஒரு பெரிய ஃபிளாட்டை வாங்கப்போகிறாள். மூன்றாவது மாடி. மூன்று படுக்கையறை. ஹாலில் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகலாம். கீழே காய்கறிக் கடை, துணிக்கடை, கோயில் மேளம், ஒலிபெருக்கி. மாடியில் நின்றால் ஊரே காலடியில். "கலகலன்னு இருக்கும் மேடம். அங்க யாருமே தனியா இருக்க முடியாது" என்று அவள் சொன்னபோது கண் பளபளத்தது. சேர்த்ததையெல்லாம் அந்த வீட்டில்தான் கொட்டியிருந்தாள். நாளைக் காலையில் பதிவு.

வீட்டுக்காரர் வடிவேலு. இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து, நகரத்தில் நாலு காசு பார்த்து, பிறகு அலுத்துப்போய் மறுபடி ஏரிக்கே வந்து வலை போடுகிறவர் என்று கேள்வி. விற்பது அவருடைய அக்கா மகன் ஹேமந்த். தன் சார்பில் விற்க மாமா பெருவிரல் ரேகை வைத்துப் பவர் பத்திரம் கொடுத்திருக்கிறார். அவர் உயிரோடு இருப்பதற்கு டாக்டர் சான்றிதழும் இருக்கிறது.

"அப்புறம் என்னம்மா?" என்று தெய்வநாயகி கேட்டதற்கு ரோஸ்மேரி சொன்னாள்: "சான்றிதழ்ல உயிரோட இருந்தவங்களை நானே மார்ச்சுவரிக்குத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கேன் மேடம். நேர்ல ஒரு தடவை பாத்துட்டு வந்துடுங்க."

படகுத்துறைக்கு நடக்கும்போது டேவிட் செல்போனில் அந்த ஃபிளாட்டின் வீடியோவை மறுபடி ஓட்டினான். ரோஸ்மேரி எடுத்து அனுப்பியது. அதை அவன் பார்த்திருக்கிற தடவைக்கு, அந்த வீட்டுக்குச் சொத்து வரியே கட்டியிருக்கலாம்.

"பொங்கல்லேருந்து காலியா கெடக்குதாம். எனக்கு ஒரு மூலை கொடுத்தா போதும் மேடம். அந்த மூணாவது ரூம் பூட்டியேதான இருக்கு?"

"மாமா சாமானாம். சாவியும் மாமாகிட்டயாம்."

"பால்கனியில நின்னு எடுத்திருக்காங்க பாருங்க. ஜன்னல் திண்டுல காக்கா எல்லாம் வரிசையா குந்திக்கினு கீது. காக்காகூட சிட்டிக்குள்ள இடம் புடிச்சிடுச்சு."

தெய்வநாயகி பையிலிருந்து ஒரு பிடி பொட்டுக்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் பொட்டுக்கடலை மென்றால் ஏதோ உறுத்துகிறது என்று அர்த்தம்.

துறையில் ஒரு ஃபைபர் படகுதான் நின்றது. படகுக்காரன் மூர்த்தி, இவர்களைப் பார்த்ததுமே எழுந்தான்.

"வடிவேலுவைப் பாக்கணும்" என்றார் தெய்வநாயகி.

"தெரியும்க்கா. ஹேமந்த் தம்பி போன் பண்ணிச்சு. ஏறுங்க." அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, எஞ்சினைப் பார்த்துச் சொன்னான்.

கரை பின்னால் போனது. தண்ணீர் பழுப்பாக, இடுப்பளவு ஆழம்தான் என்று மூர்த்தி சொன்னான். யார் இடுப்பு என்று டேவிட் கேட்டான். டேவிட்டுக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் குளிக்கும் வாளியில் ஒருமுறை மூழ்கி, அக்கம்பக்கத்தார் திரண்டு மீட்ட கதை அவன் வீட்டில் இன்னும் ஓடுகிறது. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. மற்ற காலை அடமானம் வைத்ததுபோல ஒரு தோரணை.

சில இடங்களில் மூங்கில் கழிகள் நட்டிருந்தன. அதைச் சுற்றி ஆள்களும் வலைகளும். ஓர் இடம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது.

"அது இன்னா, ரிசர்வ் பண்ணிட்டாங்களா?" என்றான் டேவிட்.

ஊர்ப் பெருமை என்றதும் மூர்த்திக்கு நாக்கு அவிழ்ந்தது. "அதாங்க பாடு. ஏரில எடத்தை மொறை வச்சிப் பிரிச்சிருக்குது. இன்னிக்கு அந்த எடம் வடிவேலு அண்ணனோட பாடு. வேற எவனும் அங்க வலை எறக்க மாட்டான்."

"அவர் வரலைன்னா?"

"அவரு வாயால யாரையாவது அனுப்புனா அவங்க போடலாம். இல்லாங்காட்டி தண்ணி சும்மா கெடக்கும். தொட மாட்டோம். பெத்த நைனா பாடா இருந்தாலும் கேக்காம தொட மாட்டோம். ஆளு செத்துட்டாதான் பேரை எடுத்துட்டு அடுத்த ஆளை உடுவோம்." சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்பதுபோல் மூர்த்தி எஞ்சினை உறும வைத்தான்.

அந்த வெற்றிடத்தின் ஓரத்தில் ஒரு சிறு படகு. அதில் ஒருவர் கையில் கழியோடு நின்றிருந்தார். நரைத்த தாடி, தலையில் முண்டாசு, காலடியில் குவியலாக வலை.

"அதோ, அண்ணன்" என்று எஞ்சினை நிறுத்தினான் மூர்த்தி. சட்டென்று எல்லாம் அமைதியானது. சுற்றிலும் தண்ணீர், இரண்டு முரட்டு ஆள்கள், ஒரு நீளமான கழி. டேவிட் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"வணக்கம்மா. நான்தான் வடிவேலு. புரசைவாக்கத்து வூடு என்னுதுதான். ஹேமந்த் என் அக்கா மவன். பவர் நான்தான் குடுத்தேன்" என்றார் அவர், யாரும் எதுவும் கேட்காமலே. மடியிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

டேவிட் அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். தாடி இருந்தது. மூக்கு இருந்தது. ஆதார் படத்தில் அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை. டேவிட்டின் அட்டையைப் பார்த்து அவன் அம்மாவே "இது யாருடா, பாவம்" என்று கேட்டிருக்கிறாள்.

"ஏன் ரேகை வச்சீங்க? கையெழுத்து வராதா?" என்றார் தெய்வநாயகி.

"வரும்மா... ரேகைதான் நல்லதுன்னு ஹேமந்து சொன்னான்."

"மீன் உண்டா இன்னிக்கு?"

"காத்தாலேருந்து வலை போட்டு இழுத்துக்கினுதான் கீறேன்." அவர் ஒரு பெட்டியைத் திறந்தார். நாலைந்து மடவை மீன்கள்.

டேவிட் எட்டிப் பார்த்தான். "பரவாயில்லையே, இந்த ஏரில மீனெல்லாம் ஐஸோடயே பொறக்குது!"

பெட்டி படக்கென்று மூடப்பட்டது. யாரும் சிரிக்கவில்லை. மூர்த்தி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

அப்போது தெய்வநாயகி, அந்த வயதில் அந்த உடம்பில் யாரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தார். புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்குக் கால் வைத்து ஏறி, தொப்பென்று வலைக் குவியல்மேல் உட்கார்ந்தார். படகு ஒருமுறை குலுங்கி, விதி என்று அமைதியானது.

"மூட்டு வலி. நிக்க முடியல" என்றார். அப்படியே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

படகு கொஞ்ச தூரம் வந்ததும் டேவிட் செல்போனை எடுத்தான். "முடிஞ்சுது மேடம். ஆள் குத்துக்கல்லாட்டம் கீறாரு. ரோஸ்மேரி அக்காவுக்கு மெசேஜ் தட்டிவுட்டேன்: 'உயிரோடு பார்த்தோம், பதிவு செய்யலாம்.'"

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். ஆனா ஒத்தை டிக்குதான் வுழுந்திருக்கு. டவர் ஆந்திராவைக் காட்டுது. தெலுங்குல நமஸ்காரம் சொல்லுது."

"அழிச்சுடு. உடனே." தெய்வநாயகியின் குரலில் கடலை இல்லை, கல் இருந்தது. "என் புடவையைப் பாரு."

"நல்லா இருக்கு மேடம்."

"மடையா, தொட்டுப் பாரு. வலைமேல அவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். காலையிலேருந்து தண்ணியில போட்டு இழுத்த வலையாம். என் புடவையில ஒரு சொட்டு ஈரம் இல்லை."

டேவிட் தொட்டுப் பார்த்தான். அடுப்படியில் உலர்த்திய மாதிரி இருந்தது.

"ஐஸ் மீன் கடையில வாங்கினது. சரி, மீனு கெடைக்காத மானத்துக்கு வாங்கினான்னே வச்சுக்கோ. வலையை ஏன் இறக்கல? தன்னோட பாடு, தன்னோட நாள், மத்தவங்க எல்லாம் இழுத்துக்கிட்டிருக்காங்க. இவன் மட்டும் கழியைப் புடிச்சிக்கிட்டு ஓரத்துல நிக்கிறான். ஏன்னா அது அவன் பாடு இல்லை. நாம பாக்கணும்னு வலையைத் தண்ணியில நனைச்சிருந்தாகூடப் போதும், நான் நம்பியிருப்பேன். அவனுக்கு அதுக்கு மனசு வரல. புரசைவாக்கத்து வீட்டுக்காரன் நான்தான்னு கூசாம சொன்னவனுக்கு, இன்னொருத்தன் தண்ணியில கை வைக்கக் கூசிடுச்சு." பிறகு திரும்பாமலே சொன்னார்: "மூர்த்தி, படகைத் திருப்பு."

மூர்த்தி திருப்பினான்.

தாடிக்காரர் இவர்கள் திரும்பி வருவதைப் பார்த்ததுமே கழியைக் கீழே போட்டுவிட்டார். பேர் மாணிக்கம். மூர்த்தியின் சித்தப்பா.

"தப்புதாம்மா" என்றார். "அண்ணனுக்கு வாதம் அடிச்சி கையி, வாயி உளுந்துடுச்சி. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரில போட்டுக்கீறேன், வூட்டை வித்தாதான் வைத்தியம், வாங்குற அம்மா நேர்ல ஆளைக் காட்டுன்னு அடம் புடிக்குதுன்னான் ஹேமந்து. ஒரு நாளு நீ நில்லு மாமான்னு கால்ல வுளுந்தான். அண்ணன் பொழைக்கட்டும்னு ஊரே கம்முனு கீது."

"எந்த ஆஸ்பத்திரி?"

மாணிக்கம் மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி தண்ணீரைப் பார்த்தான். "போயி பாக்குறோம்னு எத்தினி தபா கேட்டோம். உள்ள வுட மாட்டாங்கன்றான்."

டேவிட் மறுபடி படகின் விளிம்பைப் பிடித்தான். "மேடம், அப்ப அந்த மனுசன் செத்தே..."

"இல்லை. பவர் செல்லணும்னா பவர் கொடுத்தவன் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கணும். ஹேமந்துக்கு அது தெரியும். மாமாவைப் பொத்திப் பொத்தித்தான் வச்சிருப்பான்." தெய்வநாயகி கடலையைத் தேடினார், பை காலி. "நாளைக் காலையில பதிவு முடியிற வரைக்கும்."

அதற்குப் பிறகு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.

"டேவிட்டு, அந்த வீடியோ."

வீடியோவுக்கு டவர் தேவையில்லை. ஹால் வந்தது, சமையலறை வந்தது, பால்கனி வந்தது.

"நிறுத்து. காக்கா எங்க உக்காந்திருக்கு?"

"ஜன்னல் திண்டுல..."

"எந்த ஜன்னல்? நல்லாப் பாரு. ஹால் ஜன்னல்ல ஒண்ணு இல்லை. மத்த ரெண்டு ரூம்லயும் இல்லை. பூட்டின ரூம் ஜன்னல்ல மட்டும் பந்திக்கு வந்த மாதிரி வரிசையா. பொங்கல்லேருந்து ஆள் இல்லாத வீட்டுல காக்காவுக்கு என்ன வேலை?"

மாணிக்கம் செல்போனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "அண்ணன் காக்காவுக்கு ஒரு வாய் வெக்காம திங்காதும்மா. படகுல வந்தாலும் ஒரு பிடி சோறு வீசிட்டுதான் திங்கும்."

வாய் போன மனிதன். ஒரு கை மட்டும் மிச்சம். அந்தக் கையால் கம்பிக்கு வெளியே ஒரு பிடி சோறு. கீழே மேளம், கடைக்காரன் கூவல், ஒலிபெருக்கி. யாருமே தனியாக இருக்க முடியாத இடம்தான். அங்கே ஒரு மனிதன் முனகுவது மட்டும் யாருக்கும் கேட்காது. வாழ்க்கையில் முதல்முறையாக டேவிட்டுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

செல்போன் 'டிங்' என்றது. ஒற்றை டிக் இரண்டாகி, நீலமானது. அழிக்கச் சொன்னதை அவன் அழிக்கவில்லை. உடனே மணி அடித்தது. ரோஸ்மேரி.

"மேடம்! மெசேஜ் பாத்தேன்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! நாங்க இப்ப ஃபிளாட்லதான் இருக்கோம். வீட்டு ஜெபத்துக்குச் சபையிலேருந்து எல்லாரும் வந்திருக்காங்க. ஹேமந்த் சாருக்கும் ரொம்ப சந்தோஷம்." பின்னால் இருபது பெண்கள் பாடுவது ஏரி முழுக்கக் கேட்டது. மூர்த்தி இன்னொரு செல்போனில் போலீஸை அழைக்கத் தொடங்கினான். சாயங்கால நேரத்தில் அந்தக் கடைத்தெருவுக்குள் ஜீப் நுழைவது ஊசிக் காதில் யானை நுழைவது மாதிரி, ஆனாலும் அழைத்தான்.

தெய்வநாயகி செல்போனை வாங்கினார். குரலில் தேன். "ஸ்பீக்கர்ல போடும்மா. ஹேமந்த் தம்பி கேக்கட்டும். தம்பி, உன் மாமாவைப் பாத்தோம்பா. தங்கமான மனுஷன். இதோ பக்கத்துலதான் இருக்கார்."

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றது ஓர் இளங்குரல். நிம்மதிப் பெருமூச்சு தெளிவாகக் கேட்டது.

"ரோஸ்மேரி, எல்லா ரூம்லயும் ஜெபம் பண்ணியாச்சாம்மா?"

"மூணாவது ரூம் மட்டும் பூட்டியிருக்கு மேடம். சாவி அவர் மாமாகிட்டயாம். மூத்த அம்மா ஒருத்தங்க, ஒரு ரூம் வுட்டாலும் ஜெபம் முடியாதுன்னு உக்காந்துட்டாங்க."

"அப்ப மாமாகிட்டயே கேட்டுடலாம்" என்ற தெய்வநாயகி செல்போனை மாணிக்கத்தின் வாயருகே நீட்டினார்.

மாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவர் வடிவேலுவாகியிருந்தார்.

"டேய் ஹேமந்து. நான் மாமா பேசுறேன். அந்த ரூமைத் தொறந்து வுடுடா."

அந்தப் பக்கம் பாட்டு நின்றது.

"மாமா... அது... சாவி உங்ககிட்டதான..."

"எங்கிட்ட ஏதுடா? ஏரில வுளுந்தாலும் மெதக்கட்டும்னு வலை மெதவை கட்டின சாவிக்கொத்து. நேத்து ஆதாரைக் குடுக்க வந்தப்ப உன் பேன்ட் பாக்கெட்டுல துருத்திக்கினு இருந்துச்சே. நான் பாக்கலையா?"

ஹேமந்துக்கு வழி ஒன்றுதான். 'அது என் மாமாவே இல்லை' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவனால் சொல்ல முடியாது. அவனே கூட்டி வந்து நிறுத்திய மாமா. அவன் வாயாலேயே உறவு சொன்ன மாமா. பொய்க்கு மாமா என்று பேர் வைத்தால், அந்தப் பொய் சொல்வதை மருமகன் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"ஹேமந்த் சார்," ரோஸ்மேரியின் குரல் மெல்லத் தடித்தது, "உங்க பாக்கெட்டுல என்ன அது உருண்டையா?"

ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம். தடதடவென்று ஓடும் காலடி. "வாசலை மறிங்கடி!" என்று ஒரு கிழக்குரல். தொப்பென்று ஒரு சத்தம். அந்த மூத்த அம்மா அவன்மேல் உட்கார்ந்துவிட்டார் என்றும், போலீஸ் வரும்வரை எழுந்திருக்க மறுத்துவிட்டார் என்றும் பின்னால் தெரியவந்தது. இங்கே பூட்டில் சாவி திரும்புவது மட்டும் கேட்டது. கதவு கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

ஏரியில் நாலு பேரும் அசையாமல் நின்றார்கள். பூநாரைகள்கூட மற்ற காலை ஊன்றிக்கொண்டன.

"நாடி இருக்கு" என்றாள் ரோஸ்மேரி. வீடு வாங்க வந்த பெண்ணின் குரல் போய், வார்டு நர்ஸின் குரல் வந்திருந்தது. "நெனவு இருக்கு. உடம்பு வத்திப்போயிருக்கு. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. ஜன்னல் ஓரமா கட்டில்ல கெடக்கார் மேடம். தட்டுல இருந்த சோத்துல பாதி ஜன்னலுக்கு வெளியில கெடக்கு."

டேவிட் செல்போனருகே குனிந்தான். "அக்கா... வீடு?"

"அது அவர் எழுந்து பேசினப்புறம் அவரையே கேட்டுக்கறேன். விக்க மாட்டேன்னு அவர் வாயால சொன்னாலும் சரி. இப்ப போனை அவர் காதுல வைக்கிறேன், அங்க அவரோட ஆளுங்க யாராவது பேசுங்க."

மாணிக்கம் செல்போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "அண்ணே" என்றார். "அண்ணே, இன்னிக்கு உன் பாடு. எவனும் தொடலண்ணே. தண்ணி அப்படியே கெடக்குது."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். நாக்கு எதையோ புரட்டப் பார்க்கும் சத்தம். பிறகு, பாதி காற்றும் பாதி எச்சிலுமாக ஒரு சொல்.

"போ... டு."

மாணிக்கம் செல்போனை டேவிட்டிடம் கொடுத்தார். முண்டாசை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். வலையைக் கைநிறைய அள்ளி, அந்த வெற்றுத் தண்ணீருக்குள் படகைத் தள்ளிப் போய், காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து ஒரே வீச்சில் இறக்கினார். தெறித்த தண்ணீர் இந்தப் படகுவரை வந்து தெய்வநாயகியைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது.

அவர் முகத்தைத் துடைக்கவில்லை. புடவையை ஒருமுறை பிழிந்து பார்த்தார்.

"இப்ப அனுப்பு அந்த மெசேஜை மறுபடி. 'உயிரோடு' வரைக்கும் போதும்" என்றார்.